மூன்றாவது கைலாசம்

சைகோன்லேர்ந்து வந்தவன் எவனும் முழுசா வந்ததில்ல தம்பி, என்று பெரியப்பா ஆரம்பிப்பார், அதற்கு மறுபாதி ஒன்று உண்டு, அதுதான் ஞாபகத்துக்கு வரமாட்டேனென்கிறது. ஆணி என்று ஒரு சொல் அதில் இருந்தது. ஆணியில் எதையோ மாட்டுவது, அல்லது மாட்டியதை எடுக்க மறப்பது. பெரியப்பா அப்பாவோடு இந்தச் சைகோனில் ஒரே கடையில் துணி கிழித்தவர், எழுபத்தைந்தில் ஒரே விமானத்தில் காரைக்காலுக்குத் திரும்பியவர், அப்பா பேசாததையெல்லாம் அவர்தான் பேசினார், அதிலும் பாதியை வெற்றிலையோடு சேர்த்து மென்றுவிடுவார். காலை ஏழரை. விடுதி வாசலில் வெள்ளை வேன் வந்து நிற்கிறது. உள்ளே எட்டுப் பேர், எல்லோரும் ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர்கள், பெல்ஜியக்காரர்கள், எல்லோர் மடியிலும் நேற்று சந்தையில் வாங்கிய கூம்புத் தொப்பி. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். கைடு படியில் நிற்கிறாள், அவள்தான். இன்டர்நெட் படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். ஐம்பத்திரண்டு வயது இருக்கும். இருக்குமென்ன, சரியாக ஐம்பத்திரண்டு, எனக்குத்தான் தெரியுமே. நெற்றி இந்த ஊருடையது, கண் இந்த ஊருடையது, மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. தினமும் கண்ணாடியில் பார்க்கிற மூக்கு, எனக்கு அமைந்ததைவிட அவளுக்கு நன்றாக அமைந்திருக்கிறது. கையில் அட்டையில் செருகிய தாள், அதைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறாள். விடுதியில் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் நேற்றே தெளிவாகச் சொல்லியிருந்தேன், மேகாங் ஆற்றுக்குப் போகும் ஒருநாள் சுற்றுலா, பிரெஞ்சு பேசும் கைடு, லான் என்பவர்தான் வேண்டும், என் பெயர் பரிதி, வெறும் பரிதி என்று எழுதிக்கொள்ளுங்கள். பரிதி என்பதிலிருந்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தப் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு; கட்டத்தைக் காலியாக விட்டால் பிரான்சில் விடமாட்டார்கள், அதனால் அப்பாவை முழுசாகத் தூக்கி அதில் வைத்தேன். இருபத்து மூன்று வருஷம் அந்த நாட்டில் நான் அப்பாவின் பெயரில் நடமாடினேன். மிஸ்யே கெலசான். மிஸ்யே கலாஸா. ஒருத்தன் வாயிலும் அது ஒழுங்காக வந்ததில்லை. இவள் தாளைப் பார்த்தாள். "கைலாசம்" என்றாள். ஒரு பிசிறில்லாமல், எங்கள் தெருத் தபால்காரர் வாசலில் நின்று கூப்பிடுவதுபோல. நான் கையைத் தூக்கினேன். அவள் ஒரு கோடு போட்டாள், அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

ஒரு நொடி நின்றிருக்கலாம். தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்திருக்கலாம். பார்க்கக்கூடாது என்றுதான் பெயரை மறைத்தேன், பார்க்கவில்லை என்றதும் சுருக்கென்கிறது, இது என்ன புத்தி. மோனிக் என்ற பெல்ஜியக் கிழவிக்குத் தொப்பியின் நாடாவைத் தாடைக்குக் கீழே முடிந்து விடுகிறாள், முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறாள், அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் மார்பில் பேட்ஜ் ஆடுகிறது. கே. லான். அந்த கே-தான் என்னை இவ்வளவு தூரம் இழுத்துவந்தது. போன ஐப்பசியில் அப்பா போனபிறகு ஒரு மத்தியானம் சும்மா, சும்மாதான், அவள் பெயரையும் இந்த ஊர்ப் பெயரையும் போட்டு இன்டர்நெட்டில் தேடினேன், நூறு லான்கள் வந்தார்கள், ஒருத்தி பெயருக்கு முன்னால் மட்டும் ஒற்றை எழுத்தும் புள்ளியும். இந்த ஊரில் யாரும் அப்படி எழுதுவதில்லை. அது எங்கள் பழக்கம். அப்படியென்றால் அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இதோ பார், இது நான், இது நீ, நான் முன்னால் போகிறேன், நடுவில் ஒரு புள்ளி என்று விரலைப் பிடித்து எழுதவைத்திருக்கிறார். எனக்கு யார் எழுதவைத்தது? பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு வாத்தியார் பதிவேட்டில் கை. பரிதி என்று எழுதினார், நானும் எழுதினேன், அவ்வளவுதான். வேன் பாலத்தில் ஏறுகிறது. கீழே மோட்டார் சைக்கிள்கள் ஆறு மாதிரி போகின்றன. நேற்று வேறு ஒரு கைடோடு நகரச் சுற்றுலா போனேன், தேவாலயம், தபால் நிலையம், பெரிய சந்தை, நம்மூர் மாரியம்மன் கோயில், கோயிலில் வியட்நாம்காரர்கள் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கடை இருந்த தெருவையும் கண்டுபிடித்தேன், கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அந்தத் தெருவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. பதினேழு வருஷம் அப்பாவை வைத்திருந்த தெரு. இருபது வயதிலிருந்து முப்பத்தேழு வரைக்கும், ஒரு மனுஷன் சிரிப்பதெல்லாம் அந்த வயதில்தானே, அதையெல்லாம் இது வாங்கிக்கொண்டு மீதியை எங்களுக்கு அனுப்பியிருக்கிறது.

கடிதம் பையில் இருக்கிறது. இப்போதும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நீல உறை, ஓரம் பழுப்பாகிவிட்டது. தொண்ணூற்றொன்று, எனக்குப் பதினாலு வயது, தமிழும் பிரெஞ்சும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு இரண்டு மொழி தெரியும் என்பதில் அம்மாவுக்குத்தான் என்னைவிடப் பெருமை. அப்பா கடைக்குப் போயிருந்தார். தபால் வந்தது. அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாருடா, பொம்பளக் கையெழுத்தா இருக்கு, படி என்றாள். பிரித்தேன். அன்புள்ள அப்பா என்று பிரெஞ்சில் ஆரம்பித்தது. நான்தான் அந்த வீட்டில் அவரை அப்பா என்று எழுதக்கூடிய ஒரே ஆள். நான் லான், எனக்குப் பத்தொன்பது வயது, கைடு வேலைக்காகப் பிரெஞ்சு படிக்கிறேன், அம்மா நலமாக இருக்கிறாள், இந்த முகவரி பழைய பெட்டி ஒன்றில் கிடைத்தது. பிறகு பக்கத்தின் கடைசி வரி. நீங்கள் இன்னும் சவரம் செய்யும்போது சீட்டி அடிக்கிறீர்களா? அதோடு நிறுத்தினேன். தாளின் பின்பக்கமும் எழுத்து இருந்தது, திருப்பவில்லை. என்னடா போட்டிருக்கு என்றாள் அம்மா. அப்பா பழைய கம்பெனிம்மா, ஏதோ விசாரிக்கிறாங்க என்றேன். கம்பெனில பொம்பளைங்களா என்றாள். பிரெஞ்சுக்காரங்கள்ல இருப்பாங்கம்மா என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள், பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள். அம்மாவுக்காகத்தான் மறைத்தேன் என்று ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அப்பா சீட்டி அடித்து நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு வரிக்காக மறைத்தேன். அகராதியின் அட்டைக்கும் உறைக்கும் நடுவில் செருகினேன், அது அங்கேயே கிடந்தது, நான் பிரான்சுக்குப் போய்த் தபால் பிரிக்கிற கூடத்தில் இருபத்து மூன்று வருஷம் நின்றேன், ஊர் பேர் தெரியாதவர்களின் கடிதமெல்லாம் என் கைவழியாகச் சரியாகப் போய்ச் சேர்ந்தது, இதைக் கதையாக யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன். திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த வாரம் அகராதியை எடுத்தேன். உறையை எடுத்தேன், தாளை எடுக்கவில்லை. ஒரே பிள்ளையென்றாலும் மூத்த பிள்ளை என்று சொல்லித்தான் அன்றைக்கு என் தோளில் பானையை ஏற்றினார்கள். மூத்த பிள்ளை. அது இப்போது மேகாங் ஆற்றைப் பற்றி மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மை தோ என்ற ஊரின் படகுத்துறையில் வெயில் கண்ணைக் குத்துகிறது. ஆறு காப்பி நிறத்தில் அகலமாகக் கிடக்கிறது, எதிர்க்கரையில் தென்னை, பார்த்தால் நம் பக்கம்தான் என்று சொல்லலாம், சொல்ல எனக்கு மனசில்லை. படகு ஆடுகிறது. மோனிக் கிழவி ஒரு காலைப் படகிலும் ஒரு காலைக் கரையிலுமாக வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவள் புருஷன் பெர்னார் பின்னாலிருந்து அவளைத் தள்ளலாமா இழுக்கலாமா என்று யோசிக்கிறார். லான் போய் அவள் முழங்கையைப் பிடித்தாள். "மெதுவா" என்றாள். "மெதுவா, மெதுவா." பிரெஞ்சு இல்லை, தமிழ். படகில் நின்ற பெண்ணும் கிழவியின் மறுகையைப் பிடித்துக்கொண்டு மெதுவா மெதுவா என்கிறாள். பக்கத்துப் படகுக்காரனும் அவன் பயணிகளிடம் அதையே சொல்கிறான். இந்தத் துறை முழுக்க அந்தச் சொல் பரவியிருக்கிறது. இது வியட்நாம் சொல் என்று நினைத்து பெர்னார் தன் சிறிய நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், படகுப் பெண்ணைக் கேட்டால் பிரெஞ்சு என்பாள் போலிருக்கிறது. நான் ஏறும்போது லான் கை நீட்டவில்லை, நானும் தயங்கவில்லை, ஒரே எட்டில் உள்ளே போய்விட்டேன், போனபிறகுதான் தெரிகிறது, தயங்கியிருந்தால் எனக்கும் சொல்லியிருப்பாள். மெதுவா. அப்பா இதை எத்தனை தரம் சொல்லியிருந்தால் ஒரு குழந்தைக்கு இப்படி ஒட்டியிருக்கும். என்னிடம் அவர் சொன்னதெல்லாம் சீக்கிரம். சீக்கிரம் எழுந்திரு, சீக்கிரம் குளி, சீக்கிரம் சாப்பிடு, கடை திறக்கணும், சீக்கிரம் நட. விமானத்துக்கு வழியனுப்ப சென்னை வரைக்கும் வந்தவர், இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைத் திரும்ப எப்போது பார்ப்போம் என்று தெரியாது, வரிசை நகருது பார், சீக்கிரம் போ என்றார். மெதுவா என்ற சொல் அவரிடம் இருந்திருக்கிறது. இருந்ததை இங்கே செலவழித்துவிட்டு வந்திருக்கிறார்.

தேங்காய் மிட்டாய் செய்கிற இடத்தைக் காட்டினாள், மூங்கில் குழாயில் தேன் ஊற்றிய தேநீர் கொடுத்தார்கள், ஒரு மலைப்பாம்பைத் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய மீனை முழுசாகப் பொரித்து, நீந்துவது போலவே மரச் சட்டத்தில் நிற்கவைத்துக் கொண்டுவந்தார்கள். செதிலெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. லான் அதிலிருந்து சதையைப் பிய்த்து, அரிசித் தாளில் வைத்து, இலைதழை வைத்து, சுருட்டி ஒவ்வொருவர் தட்டிலும் வைக்கிறாள். மோனிக்குக்கு முதலில். பெர்னாருக்கு எப்படிச் சுருட்டுவது என்று விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறாள், அவர் சுருட்டியது பிரிந்து மீன் மேசையில் விழுந்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கடைசியில். கடைசியில்தான் வந்தது, நான் மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்தேன் என்பது ஒரு காரணம், ஆனால் கோடியில் உட்கார்ந்தவனுக்கு முதலில் கொடுக்கக்கூடாதா. எழுபது வயதுக் கிழவரைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அவர் பாவம், நல்ல மனுஷர், என் தட்டில் எலுமிச்சை பிழிந்துவிட்டார். சட்டத்தில் நிற்கிற மீனின் கண் என்னைப் பார்த்தது, அப்பாவின் சவரக் கண்ணாடி ஞாபகம் வந்தது. கடிதம் வந்த அதே வாரம். கிணற்றடித் தூணில் மாட்டிய சின்னக் கண்ணாடி, அப்பா முகமெல்லாம் நுரை, நான் பல் தேய்த்துக்கொண்டு பின்னால் நின்றேன். அப்பா, உங்களுக்குச் சீட்டி அடிக்கத் தெரியுமா என்று கேட்டேன். கத்தி நின்றுவிட்டது. கன்னத்தில் பாதி வழித்த இடத்தில் நின்றுவிட்டது. கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார், வாழ்க்கையில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான். "யார் சொன்னா?" என்றார். சும்மா கேட்டேன் என்றேன். இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். நுரை வழிந்து கழுத்துக்கு இறங்கியது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அகராதியைக் கொண்டுவா என்று சொல்லியிருப்பாரோ, அறைந்திருப்பாரோ, உட்கார்ந்து அழுதிருப்பாரோ, எதுவாக இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். "தெரியாது" என்றார். கத்தி மறுபடியும் நகர்ந்தது. தெரியாது என்று என்னிடம் பொய் சொன்னார். அவளுக்கு அடித்ததை எனக்கு இல்லை என்றார். அன்றைக்கு முடிவு செய்தேன் அகராதிக்குள் இருப்பது அகராதிக்குள்ளேயே இருக்கட்டும் என்று.

சிறு ஓடைக்குள் போகிற ஒல்லிப் படகில் நான்கு பேர்தான் உட்காரலாமாம். ஒன்பது பேரில் நான்கு, நான்கு, பிறகு நான் ஒருத்தன். மூன்றாவது படகில் என்னோடு லான் ஏறினாள். எனக்கு முன்னால் உட்கார்ந்தாள், முதுகுதான் தெரிகிறது, கழுத்தில் பேட்ஜ் நாடா, காதோரம் நரை. பின்னால் ஒரு பெண் துடுப்புப் போடுகிறாள். இரண்டு பக்கமும் நீர்த்தென்னை வளைந்து கூரை மாதிரி மூடுகிறது, வெளிச்சம் பச்சையாக இருக்கிறது. கொஞ்ச தூரம் போனோம். பிறகு திரும்பாமலே பிரெஞ்சில் சொன்னாள்: "இருபத்தாறு வருஷத்தில் இந்தப் பெயரில் நீங்கள் மூன்றாவது ஆள்."

எந்தப் பெயரில் என்று கேட்டேன், மடத்தனமாக.

"கைலாசம். முதலில் ஒரு டாக்டர், பிறகு ஒரு மாணவி. இரண்டு பேரிடமும் காரைக்காலா என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் அந்த ஊர் தெரியவில்லை. எங்கள் பக்கம் இந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்றார் டாக்டர். அதனால் இப்போது கேட்பதில்லை."

துடுப்பு தண்ணீரில் விழுந்து எழுகிறது. கேட்பதில்லை என்று சொல்லிவிட்டு ஒருத்தி காத்திருந்தால் அதற்குக் கேட்பதை விடச் சத்தம் அதிகம். நான் பேட்ஜைப் பற்றிக் கேட்டேன், அந்த கே என்ன என்று. அதுவும் டாக்டர் சொன்னதுதானாம். உங்கள் நாட்டில் பிள்ளைகள் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொள்வார்கள் என்று அவர்தான் சொன்னாராம், அடுத்த மாதமே ஆபீசில் சொல்லி மாற்றி அச்சடித்துக்கொண்டாளாம், ஆபீசில் சிரித்தார்களாம். அப்படியென்றால் மடி இல்லை, விரலைப் பிடித்து எழுதியது இல்லை. ஒரு பயணி போகிறபோக்கில் சொன்னதை வாங்கி நெஞ்சில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, உடனே அந்த நிம்மதி அசிங்கமாக இருந்தது. அவளே மேலும் சொன்னாள், பெயரை எப்படிச் சொல்வது என்று அம்மாதான் பழக்கினாளாம், சாகிறவரைக்கும் பிழை திருத்துவாளாம். "ஒரு கடிதம் போட்டேன்" என்றாள். "பதில் வரவில்லை. அதற்குப் பிறகு பெயர்களைக் கூப்பிடுகிறேன்." இப்போது திரும்பினாள். எங்கள் வீட்டு மூக்கு, பச்சை வெளிச்சத்தில், இரண்டடி தூரத்தில். பை என் மடியில் இருக்கிறது, கை பைக்குள் இருக்கிறது, விரல் உறையின் மேல் இருக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? எப்போது செத்தார் என்று கேட்பாள், எப்படி இருந்தார், என்ன சாப்பிடுவார், என்ன பேசுவார், என்னை ஒரு தரமாவது சொன்னாரா. நாற்பத்தேழு வருஷமாக நான் துளித்துளியாகச் சேர்த்து வைத்திருக்கிற மனுஷரை முன்னால் வைத்துப் பங்கு பிரிக்கவேண்டும். சீட்டி அடித்தவரை அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள், பேசாதவராவது எனக்கே எனக்கு என்று இருக்கக்கூடாதா. மத்தியானத்துக்கு மேல் மழை வருமா என்று கேட்டேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து ஓலைகளுக்கு நடுவே தெரிந்த வானத்தைப் பார்த்தாள், கைடு பார்ப்பதுபோலப் பொறுப்பாகப் பார்த்தாள். வரும் என்றாள், நாம் வேனில் ஏறிய பிறகு வரும். முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பெரியப்பாவின் மறுபாதி வந்தது, தேடாதபோது வந்தது. ஒரு சட்டைய ஆணில மாட்டிட்டு, தெருமுனை வரைக்கும் போய்ட்டு வர்றவன் மாதிரி கிளம்பி வந்திருப்பான்.

அவள் சொன்னபடியே வேனில் ஏறியபிறகு மழை வந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிய வயல்களெல்லாம் கரைகின்றன. எல்லோரும் தூங்குகிறார்கள், மோனிக்கின் தொப்பி பெர்னாரின் மடியில் உருளுகிறது, லான் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் தலையைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கடிதத்தை எடுத்தேன். முப்பத்து மூன்று வருஷ மடிப்பு, பிரிக்கும்போது கிழிந்துவிடும் போலிருந்தது. முதல் பக்கத்தை மனப்பாடம் மாதிரி தாண்டிப்போனேன், கடைசி வரி, நீங்கள் இன்னும் சவரம் செய்யும்போது சீட்டி அடிக்கிறீர்களா. தாளைத் திருப்பினேன். அப்படி அடிப்பீர்கள் என்று அம்மா சொல்கிறாள், எனக்கு நினைவில்லை. உங்கள் முகமும் நினைவில்லை, அதற்கு மன்னிக்கவும். உங்கள் நீலச் சட்டை ஆணியில் இருக்கிறது, அம்மா துவைத்துத் துவைத்து மறுபடியும் அதே ஆணியில் மாட்டுகிறாள், எனக்கு அது யாருடையதோ போலத்தான் இருக்கிறது. நினைவிருப்பது ஒரு சொல்தான். மாடிப்படியில் என்னை இறக்கிக் கூட்டிப்போகும்போது யாரோ சொல்வது, அது நீங்களாகத்தான் இருக்கவேண்டும். அந்தச் சொல்லை ரோமன் எழுத்தில் காது கேட்டபடி எழுதியிருக்கிறாள். மெதுவா. இது உங்கள் மொழியா? என்ன அர்த்தம்? அம்மாவுக்கும் தெரியவில்லை. இதை மட்டும் எழுதி அனுப்பினால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன். உங்களுக்கு அங்கே குழந்தைகள் இருந்தால் என்னைப் பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டாம், அவர்கள் வருத்தப்படுவார்கள்.

மறுபடியும் படித்தேன். மறுபடியும். சட்டை யாருடையதோ போல இருக்கிறதாம். சீட்டி அவளுக்கு இல்லை. முப்பத்து மூன்று வருஷம் நான் எதைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேனோ அது அவளிடமும் இல்லை, அவள் அதைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறாள், பக்கத்தைத் திருப்பியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சொல், அர்த்தம் தெரியாத சொல், யாராவது கால் இடறப் போகிற இடத்திலெல்லாம் அதை எடுத்து நீட்டிக்கொண்டிருக்கிறாள், ஒரு படகுத்துறைக்கே கற்றுக்கொடுத்திருக்கிறாள். அந்த டாக்டரிடம் அர்த்தம் கேட்டிருப்பாளோ என்னவோ, எழுதிக் கேட்டது எங்கள் வீட்டைத்தான். சரி, பொறாமை போய்விட்டதா என்றால் எங்கே போகிறது. அப்பாவோடு அத்தனை வருஷம் இருந்து நான் ஒரு சொல்லையாவது இப்படி வைத்துக்கொண்டேனா? சீக்கிரத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன், காலையில்கூட ஒரே எட்டில் படகுக்குள் போனவன்தானே. அந்தக் கடைசி வரியும் இருக்கிறது. அவர்கள் வருத்தப்படுவார்கள். பத்தொன்பது வயதில், பார்க்காத பிள்ளைக்காக எழுதியிருக்கிறாள், அந்தப் பிள்ளைதான் அதைப் பிரித்தது. அந்த வரியின் மேலும் எனக்குப் பொறாமைதான். ஊருக்குள் நுழைந்தாயிற்று. மழையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் பல நிறத்தில் பிளாஸ்டிக் அங்கி போட்டுக்கொண்டு போகிறார்கள். என்னவெல்லாம் சொல்லலாம்? கடிதம் வந்து சேரவில்லை என்று சொல்லலாம், யாருக்கும் குற்றமில்லை, ஆனால் உறை என் கையில் இருக்கிறது. அப்பாவுக்குக் கிடைத்தது, தலையணைக்கு அடியில் வைத்திருந்தார், சாகும்போது உங்கள் பெயரைச் சொன்னார் என்று சொல்லலாம், அழகாக இருக்கும், அப்போது கிடைத்தும் ஒரு சொல்லுக்கு அர்த்தம் எழுதாத மனுஷர் என்று அவரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டியிருக்கும். ஒன்றும் சொல்லாமலும் இறங்கலாம், நன்றி சொல்லிவிட்டு, மூன்றாவது ஆளும் வந்தான் போனான் என்று இருக்கும், நாளைக்கு வேறு தாள், வேறு பெயர்கள். அம்மா கிளம்பும்போது சொன்னாள், உங்கப்பாவே வாயத் திறக்காத ஊரு, அங்க போய் நீ என்னத்தடா பாக்கப் போற. சொல்லிவிட்டு என் பையில் ஊறுகாயை வைக்கும்போது, பாத்தா பாத்துட்டு வா என்றாள், எதை என்று சொல்லவில்லை, எவ்வளவு நாளாகத் தெரியும் என்றும் சொல்லவில்லை.

பெர்னாரும் மோனிக்கும் முதல் விடுதியில் இறங்குகிறார்கள். லான் குடையைப் பிடித்துக்கொண்டு படிக்குக் கீழே நிற்கிறாள். மெதுவா, மெதுவா. பெர்னார் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து அதையே அவளிடம் திருப்பிச் சொல்கிறார், அவள் சிரிக்கிறாள். அடுத்த விடுதியில் நான்கு பேர். அடுத்தது நான். அவள் தாளைப் பார்க்காமலே கூப்பிடுகிறாள், கைலாசம். குடை காத்துக்கொண்டிருக்கிறது. பின் இருக்கையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய விடுதி ஆற்றங்கரையில், அதுதான் கடைசி. நான் கடைசியில் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். சரி என்று ஏறிக் கதவைச் சாத்தினாள், வேன் கிளம்பியது. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தேன். எல்லோரும் இறங்கியபிறகு, இதைப் பிரித்தது நான் என்பதையும், அப்பா இதைப் பார்க்கவே இல்லை என்பதையும் முதலில் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லின் அர்த்தத்தை அதற்குப் பிறகு சொல்வது என்று முடிவு செய்தேன்.